கிரகாம் பெல் தேடியது வேறு, கிடைத்தது வேறு: டெலிபோன் முதல் வோல்ட்டி வரை

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணி மலைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். 365 படி ஏறி, காவடிக் கூட்டத்துக்கு நடுவே நின்று, கூட வந்தவங்க எங்கே இருக்காங்க என்று கேட்கப் போனை எடுத்தால் கால் போகாது. சிக்னல் கோடுகள் முழுசாகத் தெரியும். லைன் மட்டும் கிடைக்காது. அதே நேரம் வாட்ஸ்அப்பில் போட்ட மெசேஜ் கொஞ்சம் தாமதமாகவாவது போய்ச் சேர்ந்துவிடும்.

ஒரே போன், ஒரே டவர். ஒன்று போகிறது, இன்னொன்று போகவில்லை. ஏன்?

இதற்கான விடை 1870-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் இளைஞர் செய்த சோதனையில் தொடங்குகிறது. அவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். டெலிபோனைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்த அதே பெல்தான். ஆனால் அவர் முதலில் தேடிக் கிளம்பியது டெலிபோனை அல்ல. ஒரே கம்பியில் பல செய்திகளை ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. அந்த வேலை இன்று நம் கையில் இருக்கும் 4ஜி போனில்தான் முழுசாக நடக்கிறது.

பேச்சே தொழிலான குடும்பம்

பெல் 1847 மார்ச் 3 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். தாத்தா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அப்பா மெல்வில் பெல்லும் அதே துறைதான். வாயும் நாக்கும் எப்படி அசைந்தால் எந்த ஒலி வரும் என்பதைக் குறியீடுகளாக எழுதிக் காட்டும் முறையை உருவாக்கி, 1867-ல் புத்தகமாக வெளியிட்டார். காது கேளாதவர்களுக்குப் பேச்சு கற்றுத்தர அது பயன்பட்டது.

அம்மா எலிசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. போகப் போக இன்னும் மோசமானது. மற்றவர்கள் அவர் காதில் வைத்த குழாயில் கத்திப் பேசுவார்கள். பெல் மட்டும் அம்மாவின் நெற்றிக்கு அருகே வாயை வைத்து மெதுவாகப் பேசுவார். அந்த அதிர்வு அம்மாவுக்குப் புரிந்தது. வீட்டில் நடக்கும் பேச்சை விரல் அசைவுகளால் அவருக்குச் சொல்லவும் பெல் கற்றுக்கொண்டார். ஒலி என்பது காதுக்கு மட்டுமான விஷயம் இல்லை, அது ஓர் அதிர்வு என்ற பாடம் அவருக்கு வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

பிறகு வந்தது காசநோய். 1867-ல் தம்பி எட்வர்ட் இறந்தார். 1870-ல் அண்ணன் மெல்வில் இறந்தார். மிச்சம் இருந்த ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் அந்த ஆண்டே கனடாவின் ஒன்டாரியோ பகுதிக்குக் குடிபெயர்ந்தார்கள். அடுத்த ஆண்டு பெல், காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் நடத்த பாஸ்டனுக்குப் போனார். 1873-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

அவரிடம் படிக்க வந்தவர்களில் ஒருவர் மேபல் ஹப்பர்ட். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் செவித்திறனை முழுசாக இழந்தவர். உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். பெல்லைவிடப் பத்து வயது இளையவர். பின்னாளில் பெல்லின் மனைவி ஆனவர் இவர்தான்.

தேடியது: ஒரு கம்பி, பல செய்திகள்

அன்றைய பெரிய தொழில்நுட்பம் தந்தி. அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் மிகச் சில செய்திகள்தான் போகும்; கூடுதல் செய்தி அனுப்ப இன்னொரு கம்பி இழுக்க வேண்டும். அதற்கு ஏகப்பட்ட செலவு. ஒரே கம்பியில் பல தந்திகளை அனுப்பும் வழியைக் கண்டுபிடிப்பவருக்குக் கோடி கோடியாகப் பணம் காத்திருந்தது.

பெல்லின் யோசனை இசையில் இருந்து வந்தது. ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சுருதி. பல சுருதிகள் ஒரே கம்பியில் கலந்து போகும். அந்தப் பக்கம் இருக்கும் தகடுகளில் ஒவ்வொன்றும் தன் சுருதிக்கு மட்டும் அதிரும். இதற்குப் பணம் போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் தாமஸ் சாண்டர்ஸ். அவருடைய மகனும் பெல்லிடம் படித்த மாணவர். இன்னொருவர் மேபலின் அப்பா கார்டினர் ஹப்பர்ட்.

1875 ஜூன் 2 அன்று, உதவியாளர் தாமஸ் வாட்சன் ஒட்டிக்கொண்ட ஒரு தகட்டை விரலால் மீட்டிவிட்டபோது, இன்னொரு அறையில் இருந்த பெல்லுக்கு அந்த ஒலி அதன் நுணுக்கங்களோடு அப்படியே கேட்டது. வெறும் ஆன்-ஆஃப் துடிப்பாக இல்லாமல், ஒலி அலையின் வடிவத்திலேயே மின்சாரமும் ஏறி இறங்கியிருந்தது. தகட்டின் ஒலி இப்படிப் போகுமானால் மனிதக் குரலும் போகும் என்று பெல்லுக்குப் புரிந்தது.

ஹப்பர்டுக்கு இதில் ஆர்வம் இல்லை. பணம் தந்தியில்தான் இருக்கிறது, அந்த வேலையைப் பார் என்று நெருக்கினார். பெல் கேட்கவில்லை.

கிடைத்தது: ஒரு கம்பி, ஒரு குரல்

1876 பிப்ரவரி 14. பெல்லின் காப்புரிமை விண்ணப்பம் வாஷிங்டனில் பதிவானது. அதே நாளில் எலிஷா கிரே என்ற இன்னொரு கண்டுபிடிப்பாளரும் கிட்டத்தட்ட இதே யோசனையுடன் முன்னறிவிப்பு தாக்கல் செய்தார். யார் முந்தினார், யார் யாரிடம் இருந்து எடுத்தார் என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. மார்ச் 7 அன்று 174465 என்ற எண்ணுடைய காப்புரிமை பெல்லுக்குக் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அதன் தலைப்பு தந்தியில் ஒரு மேம்பாடு என்பதுதான். மூன்று நாள் கழித்து, மார்ச் 10 அன்று, பக்கத்து அறையில் இருந்த வாட்சனைப் பெல் கம்பி வழியே கூப்பிட்டார். வாட்சன் வந்து நின்றார். அப்போது பெல்லுக்கு வயது 29.

அந்த ஆண்டு ஜூனில் பிலடெல்பியா கண்காட்சியில் பிரேசில் பேரரசர் இரண்டாம் பெத்ரு கருவியைக் காதில் வைத்துக் கேட்டு வியந்த பிறகு, உலகம் பெல்லைத் திரும்பிப் பார்த்தது. 1877 ஜூலையில் பெல் டெலிபோன் கம்பெனி தொடங்கியது. அதே மாதம் மேபலைத் திருமணம் செய்துகொண்ட பெல், தன் பெயரில் பத்துப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாவற்றையும் மனைவிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டார். டெலிபோன் கம்பெனியின் பெரிய பங்குதாரர்களில் ஒருவர், டெலிபோனில் ஒரு வார்த்தைகூடக் கேட்க முடியாத ஒரு பெண்!

வழக்குகளும் குவிந்தன. சுமார் 600 வழக்குகள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1888-ல் பெல்லின் காப்புரிமை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பின்னாளில் இந்தியாவின் குடியரசுத் தலைவரான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணியில் பிறந்ததும் அதே ஆண்டுதான்.

டிரங்க் கால் காலம்

பெல் உருவாக்கிய டெலிபோனின் அடிப்படை விதி எளிமையானது. இரண்டு பேர் பேச வேண்டும் என்றால் இருவருக்கும் இடையே ஒரு முழுப் பாதை வேண்டும். பேச்சு முடியும்வரை அந்தப் பாதை அவர்களுக்கே சொந்தம். இருவரும் வாயைத் திறக்காமல் சும்மா இருந்தாலும் வேறு யாரும் அதைத் தொட முடியாது.

எல்லா வீட்டுக்கும் இடையே கம்பி இழுக்க முடியாது என்பதால் எக்ஸ்சேஞ்ச் வந்தது. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 21 வாடிக்கையாளர்களோடு முதல் வணிக எக்ஸ்சேஞ்ச் தொடங்கியது. நான்கே ஆண்டில், 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் எக்ஸ்சேஞ்ச்கள் திறக்கப்பட்டன. ஆபரேட்டர் ஒரு வயரை எடுத்துச் செருகினால் பாதை தயார். பிடுங்கினால் பாதை காலி. அப்புறம் அந்த வேலையை இயந்திரம் செய்தது, பிறகு கம்ப்யூட்டர் செய்தது. விதி மட்டும் மாறவில்லை: ஒரு கால், ஒரு பாதை.

ஊர்களுக்கு இடையே இந்தப் பாதைகள் மிகக் குறைவு. அதனால்தான் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று வகைகள் இருந்தன. சீக்கிரம் வேண்டுமென்றால் கூடுதல் காசு. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோதும் நிலைமை இதுதான். ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூர் நம்பரைச் சுற்றும் எஸ்டிடி வசதி இந்தியாவில் முதன்முதலாக வந்ததே அந்த ஆண்டு நவம்பரில்தான். அதுவும் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே மட்டும்.

1995-ல் செல்போன் வந்தபோது கம்பி போனது; ஆனால் விதி அப்படியே வந்தது. 2ஜி தொழில்நுட்பத்தில் ஒரு அலைவரிசைத் துண்டை எட்டு நேரக் கூறுகளாகப் பிரிப்பார்கள். சாதாரணமாக ஒரு காலுக்கு ஒரு கூறு. ஒரு கூறைப் பாதியாக்கி இரண்டு பேருக்குக் கொடுக்கலாம், அப்போது குரல் தரம் குறையும். எல்லாக் கூறுகளும் நிரம்பிவிட்டால் அடுத்தவருக்கு லைன் பிஸி. கூட்டமான மலையில் கால் போகாமல் இருந்ததற்கு இதுதான் காரணம்.

குரலும் டேட்டாதான்

1960-களில் அமெரிக்காவில் பால் பாரனும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியாக வேறொரு வழியை யோசித்தார்கள். பாதையை யாருக்கும் முழுசாகக் கொடுக்க வேண்டாம். செய்தியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் முகவரி எழுதி, பொதுப் பாதையில் விட்டுவிடலாம். போய்ச் சேர்ந்ததும் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். இதைத்தான் பாக்கெட் என்கிறோம். இன்டர்நெட் மொத்தமும் இதன் மேல்தான் நிற்கிறது.

பழைய ஏற்பாட்டை ரிசர்வ் செய்த தனி ரயில் பெட்டி என்று வைத்துக்கொண்டால், இது எல்லா வண்டியும் ஓடும் ஹைவே. நீங்கள் பேசாத நொடியில் அந்த இடத்தில் இன்னொருவரின் பாக்கெட் ஓடும். ஒரே பாதையில் பல செய்திகள்! பெல் முதலில் தேடியது இதைத்தான். அவர் சுருதியை வைத்துப் பிரிக்கப் பார்த்தார். இங்கே முகவரியை வைத்துப் பிரிக்கிறார்கள்.

4ஜி நெட்வொர்க் முழுக்க முழுக்க பாக்கெட்டுக்காகவே வடிவமைக்கப்பட்டது. பழைய பாணிக் காலுக்கு அதில் இடமே இல்லை. அதனால் ஆரம்பத்தில் 4ஜி போனுக்குக் கால் வந்தால், போன் 3ஜி அல்லது 2ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு மறுபடி ஏறும். பேசும்போது நெட் ஸ்லோ ஆனதும், கால் கனெக்ட் ஆகச் சில நொடி ஆனதும் இதனால்தான். இதற்குத் தீர்வாக வந்ததுதான் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியே பாக்கெட்டாகப் போகும் குரல். இந்தியாவில் 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியபோது, 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் வோல்ட்டியை மட்டுமே நம்பி வந்தது. அடுத்த ஆண்டு ஏர்டெல்லும் இதைத் தொடங்கியது.

குரலில் வித்தியாசம் தெரிகிறதா? தெரியும். பழைய போன் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. போனில் இமெயில் ஐடி சொல்லும்போது எஸ் எது, எஃப் எது என்று குழம்பியது இதனால்தான். அந்த எழுத்துகளை வேறுபடுத்தும் ஒலி அதற்கு மேலே இருக்கிறது. வோல்ட்டியில் இரண்டு பக்கமும் வசதி இருந்தால் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும். எச்டி வாய்ஸ் என்பது இதுதான்.

அப்போ வோல்ட்டியும் வாட்ஸ்அப் காலும் ஒண்ணா?

இல்லை. இரண்டும் பாக்கெட்தான், மரியாதைதான் வேறு. ஹைவேயில் ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதுபோல, வோல்ட்டிக் காலின் பாக்கெட்டுகளுக்கு நெட்வொர்க் முன்னுரிமை தருகிறது. தரமும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்கிறது. அப்படி உறுதி தர இடம் இல்லை என்றால் காலையே ஏற்காது. கூட்ட நெரிசலில் இன்றும் கால் மறுக்கப்படுவது இதனால்தான். வாட்ஸ்அப் மெசேஜ் வரிசையில் காத்திருந்து போய்விடும். வாட்ஸ்அப் கால் மற்ற வண்டிகளோடு சேர்ந்து ஓடும். இடம் இருந்தால் நல்லா கேட்கும், இல்லை என்றால் குரல் உடையும்.

நம்பரும் முக்கியம். வோல்ட்டிக் கால் உங்கள் மொபைல் நம்பருக்கானது. சாதாரண பட்டன் போனுக்கும், லேண்ட்லைனுக்கும், 112, 108 போன்ற அவசர எண்களுக்கும் போகும். வாட்ஸ்அப் கால் வாட்ஸ்அப் வைத்திருப்பவருக்கு மட்டும்தான். அவசர எண்ணுக்குப் போகாது. ஆப்தான் போன் என்று பழகிவிட்ட வீடுகளில், ரீசார்ஜ் முடிந்து வைஃபையில் மட்டும் ஓடும் போனை வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

எல்லையும் இருக்கிறது. திருத்தணியைத் தாண்டி திருப்பதி சாலையில் போனால் ஆந்திரம். தொலைத்தொடர்பு உரிமமும் அங்கே வேறு சர்க்கிள். ஒரு காலத்தில் அங்கே ரோமிங்கில் வரும் காலுக்குக்கூடக் காசு பிடித்தார்கள். வாட்ஸ்அப் காலுக்கு இந்தக் கோடு கிடையாது.

இழந்ததும் உண்டு. செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தே வரும். வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். ஃபைபர் இணைப்பில் வரும் போன், வீட்டு மோடத்துக்குக் கரண்ட் இருந்தால்தான் பேசும்.

மனிதர் பெல்: இரண்டு பக்கம்

பெல் டெலிபோனோடு நிற்கவில்லை. 1880-ல் ஒளிக்கற்றையில் குரலை ஏற்றி, சுமார் 213 மீட்டர் தூரத்துக்குக் கம்பியே இல்லாமல் அனுப்பினார். டெலிபோனைவிட இதுதான் தன் பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்தார். மழையிலும் பனியிலும் அது வேலை செய்யவில்லை என்பதால் அன்று யாரும் மதிக்கவில்லை. இன்று உலகத்தின் குரலும் வீடியோவும் கடலுக்கடியில் ஃபைபரில் ஒளியாகத்தான் ஓடுகின்றன. விமானம், நீர்மேல் பறக்கும் படகு என்று கடைசிவரை எதையாவது செய்துகொண்டே இருந்தார். படிப்பறையில் மட்டும் டெலிபோன் வைத்துக்கொள்ளவில்லை. அது வேலையைக் கெடுக்கும் என்பது காரணம்.

ஆனால் காது கேளாதவர் சமூகம் பெல்லை வேறு மாதிரி நினைவில் வைத்திருக்கிறது. அவர்கள் சைகை மொழியை விட்டுவிட்டு, உதட்டைப் படிக்கவும் வாயால் பேசவும் பழக வேண்டும் என்று அவர் தீவிரமாக வாதாடினார். காது கேளாதவர்கள் தங்களுக்குள் திருமணம் செய்துகொள்வதை எதிர்த்து 1883-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியில் கட்டுரை வாசித்தார். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியைத் தவிர்க்கும்படி தீர்மானம் போட்டது. பெல் போன்றவர்களின் செல்வாக்கும் சேர்ந்து, பல தலைமுறைக் குழந்தைகளுக்கு வகுப்பறையில் சொந்த மொழி மறுக்கப்பட்டது. 2010-ல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசை, மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது.

பெல் 1922 ஆகஸ்ட் 2 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருந்த தன் வீட்டில் காலமானார். வயது 75. இரண்டு நாள் கழித்து அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது வட அமெரிக்காவில் டெலிபோன் சேவை ஒரு நிமிடம் நிறுத்தப்பட்டது. ஐந்தே மாதத்தில் மேபலும் போய்விட்டார்.

பெல்லின் போன் குரலுக்கு மட்டுமே பாதை போட்டது. அதனால் அவர் அம்மாவும் மனைவியும் மாணவர்களும் அதற்கு வெளியேதான் நின்றார்கள். பாக்கெட்டுக்கு அந்தப் பாகுபாடு இல்லை. குரலா, படமா, எழுத்தா என்று அது பார்ப்பதில்லை. இன்று பஸ்ஸிலும் ரயிலிலும், போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வீடியோ காலில் சைகை மொழியில் பேசுபவர்களைப் பார்க்க முடிகிறது. டெலிபோன் வந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகுதான், அவர்களுக்கும் அவர்கள் மொழியிலேயே ஒரு போன் கிடைத்திருக்கிறது.